சைகையைப் பகுத்தலும் அமுக்கலும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அத்துணை ஆழத்தில், தாதுவை வெட்டியெடுத்த இடங்களைச் சுற்றி அழுத்தம் குவிந்து, பாறை திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. இவ்வெடிப்புக்களால் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அவற்றைக் கண்காணிக்க 1912-ல் அங்கு நில அதிர்வுமானி ஒன்று நிறுவப்பெற்றது. 1978-ல் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் ஜியோபோன் வலையமைப்பு ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்சைகையாக மாற்றுகிறது. ஜியோபோன் பாறையின் அதிர்வை அவ்வாறே மாற்றுகிறது. இசைப்பதிவுகளைக் கலக்கும்போது சைகையைப் பகுப்பதும் அமுக்குவதும் வழக்கம். இவ்விரு செய்கைகளும் பாறையின் சைகைக்கும் பொருந்துமா என்பதை ஆராய்தல் பயனுடையது.

பகுத்தல்

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை உணரும். வடிகட்டிகள் ஒரு சைகையை அதிர்வெண்ணுக்கேற்பப் பல பகுதிகளாகப் பிரிக்கின்றன. நாகசுரமும் தவிலும் சேர்ந்த பதிவை எடுத்துக்கொள்வோம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியில் தவிலின் தொப்பியொலி மேலோங்கும்; நாகசுரத்தின் நாதம் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட பகுதிகளில் அமையும்.

அமுக்கல்

அமுக்கி என்னும் கருவி, குறித்த மட்டத்தைக் கடந்த ஒலியை மட்டும் குறைக்கும். மட்டம் −20 டெசிபல், விகிதம் 4:1 எனக் கொள்க. −8 டெசிபல் சைகை மட்டத்திற்கு 12 டெசிபல் மேலுள்ளது. அமுக்கியபின் அது 3 டெசிபல் மட்டுமே மேலிருக்கும். அதாவது −17 டெசிபல் ஆகும். மட்டத்திற்குக் கீழ்ப்பட்ட மெல்லொலி மாறுவதில்லை. பின்னர் முழுவதையும் ஒருசேர உயர்த்தினால், மெல்லொலியும் தெளிவாகக் கேட்கும்.

பகுக்காமல் அமுக்கினால் ஒரு தீங்கு நேரும். தவிலின் ஒவ்வோர் அடிக்கும் அமுக்கி இயங்கி, நாகசுரத்தையும் உடன் தாழ்த்திவிடும். நாதம் ஏறி இறங்குவதுபோல் தோன்றும். முதலில் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அமுக்கினால், தவிலடி தன் பகுதியை மட்டுமே தாழ்த்தும். பின்னர் எல்லாப் பகுதிகளையும் ஒன்றுசேர்க்கலாம்.

பாறையின் சைகை

பகுத்தல் பாறையின் சைகைக்கும் ஏற்றதே. எந்திர இரைச்சலை வடிகட்டி நீக்கலாம். ஆனால் வடிகட்டி சைகையைச் சற்றுத் தாமதப்படுத்தும். பல ஜியோபோன்களை அதிர்வு வந்தடைந்த நேரங்களைக் கொண்டே வெடிப்பின் இடம் கணிக்கப்படுவதால், எல்லாவற்றிற்கும் ஒரேவகை வடிகட்டி வேண்டும்.

அமுக்கலோ இங்குப் பெருங்கேடு விளைக்கும். 12 டெசிபல் வேறுபாடு, வீச்சில் 4 மடங்கும் ஆற்றலில் 16 மடங்கும் ஆகும். அதே 4:1 அமுக்கி அதை 3 டெசிபலாக்கினால், ஆற்றல் வேறுபாடு 2 மடங்காகவே தோன்றும். 16 மடங்கு வலிய வெடிப்பை 2 மடங்கு எனக் கருதுவோர், ஆட்களை அனுப்பத்தகாத இடத்திற்கு அனுப்ப நேரிடும். இசையில் வலிமை வேறுபாடு செவியின் இன்பத்திற்கேற்பத் திருத்தத்தக்கது. பாறையில் அவ்வேறுபாடே செய்தி. பெரியதையும் சிறியதையும் ஒரே தாளில் காட்ட வேண்டுமாயின், மடக்கை அளவுகோலைப் பயன்படுத்தலாம். அதிலிருந்து உண்மை அளவை மீண்டும் பெற இயலும்.

வகுப்பிற்கு ஒரு பயிற்சி

−30, −20, −8, 0 டெசிபல் ஆகிய நான்கையும் மேற்கண்ட விதிப்படி மாணவர் கணக்கிடட்டும். விடைகள் முறையே −30, −20, −17, −15. 30 டெசிபல் இடைவெளி 15 ஆகச் சுருங்கியதை அவர்களே காண்பர். கள ஊழியர் பதிவு எதனையும் அமுக்கு முன், மூலப்பதிவைத் தனியே காத்துவைத்தல் வேண்டும். அமுக்கிய பதிவிலிருந்து மூலத்தை முழுமையாக மீட்பது அரிது.