எஞ்சினுக்கும் மூச்சு விட வழி வேண்டும்

குழுக் கடனில் வண்டி வாங்கிய சகோதரிகளுக்கான பாடம்



மாட்டுக் கடன், ஆட்டுக் கடன், பெட்டிக்கடைக் கடன் என்று தொடங்கிய நம் குழுக்களில் இப்போது வண்டிக் கடனும் வந்துவிட்டது. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் மீன் ஏற்ற, பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்ற, சிதம்பரத்துக்குக் காய்கறி கொண்டு போக என்று குட்டியானை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சவாரிக்கு வேனோ காரோ வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் கணவர், மகன் அல்லது தம்பி. ஆனால் கடன் பத்திரத்தில் இருப்பது நம்முடைய கையெழுத்து. வண்டி ஷெட்டில் நின்றாலும் மாத டியூ நிற்காது.

"எஞ்சின் ஆயில் குடிக்குதும்மா, பிரிச்சுதான் பார்க்கணும்" என்று மெக்கானிக் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? தெரியாத விஷயம் என்று தலையாட்டிவிட்டு, நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறோம். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "மூச்சுக் குழாயும் வால்வும் அடைச்சிருக்கான்னு பார்த்தீங்களா?" இந்தக் கேள்வி எதற்கு என்பதைத்தான் இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்

பிரஷர் குக்கரில் வெயிட் உட்காரும் குழாயில் பருப்போ சோறோ அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆவி போக வழியில்லாமல் கேஸ்கெட் ஓரமாகச் சீறிக்கொண்டு வரும். கேஸ்கெட் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டாலும் மறுபடி சீறும். கோளாறு கேஸ்கெட்டில் இல்லை, அடைப்பில் இருக்கிறது. வண்டி எஞ்சினிலும் இதே கதைதான்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதன் மேல்பக்கத்தில் பெட்ரோலோ டீசலோ எரிகிறது. எரிந்த வாயு கீழே இறங்காமல் இருக்க பிஸ்டனைச் சுற்றி ரிங் போட்டிருப்பார்கள். புது வண்டியாக இருந்தாலும் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டி, ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடும். இந்தப் பகுதியைத்தான் கிராங்க் கேஸ் என்கிறார்கள். இறங்கி வரும் வாயுவில் எரியாத எரிபொருளும் நீராவியும் இருக்கின்றன. இது வெளியே போகாவிட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல், பேக்கிங் வழியாக ஆயில் கசியும். இரண்டு, நீராவியும் புகையும் ஆயிலோடு கலந்து அதைத் தார் மாதிரி கட்டியாக்கிவிடும். அந்தக் கட்டி, ஆயில் போகும் வழியை அடைத்தால் எஞ்சின் தேய்ந்து போகும்.

அதனால்தான் எஞ்சினுக்கு ஒரு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் இதை பிரீதர் ஹோஸ் என்பார்கள். பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வழியில் பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். கிராங்க் கேஸில் சேரும் வாயுவை எஞ்சின் காற்று இழுக்கும் பக்கமாக அனுப்பி, மறுபடியும் எரித்துவிடுவது இதன் வேலை. வண்டி ஸ்லோவில் ஓடும்போது கொஞ்சமாகவும், பாரம் இழுக்கும்போது அதிகமாகவும் அது வாயுவை விடும். இன்னொரு குழாய் ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து சுத்தமான காற்றை உள்ளே கொண்டு வரும்.

டீசல் வண்டியில் அமைப்பு வேறு. பலவற்றில் ஆயிலைப் பிரித்தெடுக்கும் ஒரு டப்பாவும், அதிலிருந்து ஒரு ஹோஸும் இருக்கும். வயலில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்கும் பிரீதர் உண்டு.

இது எப்படி வந்தது?

பழைய காலத்துக் கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண் எரியும் அளவுக்குப் புகைமூட்டம் வந்தது. வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்கள் வெயிலில் மாறித்தான் அந்தப் புகை உண்டாகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு 1961 முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதுக் கார்களிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதும் இந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு வந்தது. காற்றுக்கு நல்லது என்று வைத்த பொருள் எஞ்சினுக்கும் நல்லதாகிவிட்டது, ஆயில் சீக்கிரம் கெடாமல் இருந்தது.

அடைத்தால் எப்படித் தெரியும்?

• சீல் மாற்றியும் மறுபடி மறுபடி ஆயில் கசிவது
• ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பி தானாக மேலே தள்ளிக்கொண்டு வருவது
• ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் இருப்பது
• ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் கறுப்புக் கட்டியோ, பால் கலந்த மாதிரி பசையோ ஒட்டியிருப்பது

ஹோஸ் வெடித்திருந்தாலும், வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் அறிகுறி வேறு. வண்டி ஸ்லோவில் நிற்காமல் நடுங்கும். எஞ்சின் பக்கம் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வரும். மைலேஜ் குறையலாம், ஆயிலும் கூடுதலாகச் செலவாகலாம்.

மழைக்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டினால் எஞ்சின் முழுசாகச் சூடாவதில்லை. நீராவி உள்ளேயே தங்கி மூடியில் பால் பசை படியும். வாரம் ஒரு முறையாவது கடலூர்–சிதம்பரம் மாதிரி நீண்ட நடை போனால் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஆனால் கேஜ் கம்பியில் இருக்கும் ஆயிலே பால் காப்பி நிறத்தில் இருந்தால் அது சாதாரண ஈரம் இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

2015 வெள்ளத்தை நம் மாவட்டம் மறக்காது. தண்ணீரில் முழுகிய வண்டிக்குள் ஏர் ஃபில்டர், கேஜ் கம்பி ஓட்டை, மூச்சுக் குழாய் என்று எந்த வழியாகவும் தண்ணீர் போயிருக்கலாம். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பக் கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் எஞ்சினே உடைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்து எடுக்காதவர்களுக்கு அந்த இழப்புக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் கஷ்டம். தேய்மானத்துக்கும் தானாக வரும் எந்திரக் கோளாறுக்கும் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தருவதில்லை.

நாமே பார்க்கக்கூடியவை

முதலில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டா இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கையைக் கொண்டு போக வேண்டாம்.

1. காலையில், வண்டி ஆறியிருக்கும்போது கேஜ் கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. அதிகமான ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏறிவிடும். டீசல் எஞ்சினில் அந்த ஆயிலே எரிபொருளாகி, எஞ்சின் கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் ஆபத்தும் உண்டு.

2. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

3. ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். விறைத்துப் போனதா, வெடித்ததா, எலி கடித்ததா, மடங்கி நசுங்கியதா?

4. பெட்ரோல் வண்டி என்றால், ஓட்டுபவரை ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விடச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாய் மேல் ஒரு தடித்த காகிதத்தை வையுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டு போக வேண்டாம். காகிதம் லேசாக ஒட்டிக்கொண்டால் மூச்சு சரியாக இருக்கிறது. மேலே தூக்கித் தள்ளினால் அடைப்போ ரிங் தேய்மானமோ இருக்கலாம். மூடியைத் திறந்ததும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் பயப்பட வேண்டாம். டீசல் வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது

"தம்பி, எஞ்சினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வால்வைக் கழட்டி ஆட்டிக் காட்டுங்க. பிரீதர் ஹோஸைச் சுத்தம் பண்ணிட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்." இப்படிச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். கழற்றக்கூடிய வால்வை ஆட்டினால் பலவற்றில் கலகலவென்று சத்தம் வரும். சத்தமே இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் வால்வு மேல் மூடியோடு சேர்ந்தே வரும், அதைக் கழற்ற முடியாது.

வால்வு, ஹோஸ் என்பது பெரும்பாலும் சின்னச் செலவு. எஞ்சின் பிரித்து வேலை என்றால் பல ஆயிரம். கூடவே வண்டி நிற்கும் நாட்களின் வருமானமும் போகிறது. சுத்தம் செய்த பிறகும் மூடி வழியாகப் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் கம்ப்ரெஷன் சோதனை செய்து அளவைக் காட்டச் சொல்லுங்கள். வேலை உண்மையிலேயே தேவை என்று தெரிந்தால் தள்ளிப் போடவும் கூடாது.

வண்டிக்கும் ஒரு நோட்டு

குழுவுக்குத் தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு வைத்திருக்கிறோம். வண்டிக்கும் ஒன்று போடுவோம். ஆயில் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், இடையில் எவ்வளவு ஆயில் ஊற்றினோம், வால்வு, ஹோஸ், ஏர் ஃபில்டர் பார்த்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். மூன்று மாதம் எழுதினாலே வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். நோட்டு கையில் இருந்தால் ஷெட்டில் நம் பேச்சுக்கு மதிப்பு வரும்.

குழுக் கூட்டத்தில் கலந்துபேசுவோம்

• நம் குழுவில் வண்டிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யாருக்கு ரிப்பேர் செலவால் தவணை தவறியது?
• அடுத்த கூட்டத்துக்கு ஒரு வண்டியைக் கொண்டு வரச் செய்து, மூடி, கம்பி, ஹோஸ் மூன்றையும் எல்லோரும் தொட்டுப் பார்க்க முடியுமா?
• வண்டி வருமானத்தில் மாதம் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று தனியாகச் சேமிக்கத் தீர்மானம் போடலாமா?

சகோதரிகளே, கடன் நம் பெயரில் இருக்கும்போது வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு இருக்கிறது. நாளைக் காலையில் அந்த மூடியைத் திறந்து பாருங்கள்!