எடுக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைக்கலாமா?

புற்றுநோய்க்காக மார்பகம் எடுக்கப்பட்ட சகோதரிகள் பலர், வெளியே கேட்க வெட்கப்பட்டு மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் கேள்வி இது. மருத்துவர், "மறுபடி அமைத்துத் தரலாம்" என்கிறார். வீட்டிலுள்ளவர்களோ, "உயிர் தப்பியது போதாதா? அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது பாவமல்லவா?" என்கிறார்கள். அவள் வாயடைத்து நிற்கிறாள்.

படைப்பை மாற்றுவது ஷைத்தானின் தூண்டுதல் எனத் திருக்குர்ஆன் (4:119) எச்சரிப்பது உண்மையே. ஆனால் பல்லுக்குப் பல் இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபிக்கும் ஹதீஸில் 'அழகுக்காக' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நோயால் இழந்ததைச் சீர்செய்வது அதில் சேராது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில், குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் வீசிற்று. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது உள்ளது. தங்கம் ஆண்களுக்கு ஹராமாக இருந்தும் இந்த அனுமதி! 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், எடுக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைப்பது ஆகும் என்றே தீர்மானித்தது.

ஆகும் என்றால் கடமை என்று பொருளல்ல. ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடலாம். உள்ளாடைக்குள் சிலிக்கான் வடிவமோ பஞ்சுத் திண்டோ வைத்துக்கொள்ளலாம். குளிப்புக் கடமையானால் அதைக் கழற்றிவிட்டு, தோலெங்கும் தண்ணீர் படச் செய்ய வேண்டும். தோலுக்குள் வைக்கப்பட்டது குளிப்புக்குத் தடையல்ல.

அறுவை வேண்டுமென்றால் வழி இரண்டு. சிலிக்கான் பையை உள்ளே வைப்பது ஒன்று. இதில் அறுவை சிறியது. ஆனால் பை ஆயுளுக்கும் நிலைப்பதல்ல, பின்னாளில் மாற்ற நேரலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பையைச் சுற்றி இறுகிப்போகும் தொல்லை அதிகம். அடிவயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து அமைப்பது மற்றொன்று. இது இயற்கையாகத் தோன்றும். ஆனால் நீண்ட அறுவை, இரண்டு இடத்தில் காயம், குணமாகப் பல வாரங்கள். அதுவரை ஸஜ்தாச் செய்ய இயலாதவர்கள் உட்கார்ந்து, சைகையால் தொழலாம். எந்த வழியிலும் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை. இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பது பலரின் மனக்குறை.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள். பையைத் தாங்க வைக்கும் வலைகளில் பன்றித் தோலில் தயாரானவையும் உண்டு. மாட்டுத் தோலிலானவையும் செயற்கை இழையிலானவையும் இருப்பதால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கூறிவிடலாம்.

அறுவைக்குப் பின் சில நாட்கள் குழாய் வழியே இரத்தநீர் வடியும். ஷாஃபிஈ மத்ஹபில் இதனால் ஒளு முறியாது. ஹனஃபி மத்ஹபில் முறியும். ஓயாமல் வடிந்தால், ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு ஒளுச் செய்து தொழ வேண்டும்.

முதல் அறுவையோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிகிச்சையெல்லாம் முடிந்து, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்தும் செய்துகொள்ளலாம். கணவரும் மாமியாரும் அருகிருந்து யோசனை சொல்லட்டும். ஆனால் உடல் அவளுடையது, வலியும் அவளுடையது. "வேண்டாம்" என்று அவள் சொன்னாலும், "வேண்டும்" என்று சொன்னாலும், மார்க்கத்தின் பெயரால் அவளைத் தடுக்க நமக்கு ஆதாரம் எதுவும் தென்படவில்லை.