காவல் நாய்க்குட்டியை விளையாட்டின் வழியே பழக்குதல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வயல்கள் பெரும்பாலும் குன்றுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய தாழ்நிலங்களில் அமைந்துள்ளன. மேற்சரிவிலே தேயிலையும் இறப்பரும், அவற்றுக்கு அப்பால் புதரும் காடும் உண்டு. ஆதலால் கதிர் பால் பிடிக்குங் காலத்தில் காட்டுப்பன்றியும், மரவள்ளி, வற்றாளைப் பாத்திகளுக்கு முள்ளம்பன்றியும், காய்கறிக்குக் குரங்கும் வந்து சேர்கின்றன. இவற்றின் வரவை முன்னரே அறிவிப்பதற்கு நல்ல நாயைப்போன்ற துணை வேறில்லை.

எனினும் பழக்கப்படாத நாய் நாற்றுமேடையை மிதிக்கும். அயலார் கோழியைப் பிடிக்கும். கொழுந்து பறிக்கச் செல்வோரையும் பிள்ளைகளையும் துரத்தும். அடித்து வளர்த்த நாயோ எசமானின் குரலுக்கு அஞ்சி ஓடுமேயன்றி, அழைத்தால் வாராது. இக்குறைகளைக் குட்டிப் பருவத்திலேயே விளையாட்டினால் தவிர்த்துக்கொள்ளலாம்.

தொடங்குங் காலம்

குட்டியை எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்தலாகாது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதை அது தன் உடன்பிறப்புக்களுடன் விளையாடியே கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி பிறரோடு பழகுவதற்கு மிக முக்கியமானதென எடுத்துக் காட்டினர். இக்காலத்தில் கோழி, ஆடு, மாடு, குடை பிடித்த மனிதர், மண்வெட்டி ஓசை, பிள்ளைகளின் கூச்சல் ஆகியவற்றைக் குட்டி அச்சமின்றிக் காணச் செய்தல் வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை அதனைக் கையில் ஏந்திச் சென்று காட்டுதல் நன்று.

சித்திரையில் ஈன்ற குட்டியை ஆனியில் வீட்டுக்குக் கொணர்ந்தால், பெரும்போகப் பயிர் கதிர் முற்றும் தை மாதத்தில் அது ஒன்பது மாத நாயாக இருக்கும். அதற்குள் பின்வருவனவற்றைப் பழக்கிவிடலாம்.

விளையாட்டுக்கள்

1. அழைத்தல்: முற்றத்தின் இரு முனைகளிலும் இருவர் அமர்ந்து, மாறி மாறிக் குட்டியின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். வந்தவுடன் அவித்த மீன் அல்லது முட்டையில் ஒரு சிறு துண்டு கொடுத்துத் தடவுக. நாள்தோறும் இடைவெளியை அதிகரிக்குக. தண்டிப்பதற்காக ஒருபோதும் அழைத்தலாகாது. அவ்வாறு செய்தால் பலநாட் பழக்கம் வீணாகும்.

2. விடுதல்: உணவுத் துண்டை மூடிய கைக்குள் வைத்து, “விடு” என்று ஒருமுறை சொல்லுக. குட்டி முகர்ந்து நக்கிப் பின் வாயை எடுக்கும். எடுத்த கணமே மற்றைக் கையிலிருந்து வேறொரு துண்டு கொடுக்குக. பின்னர் துண்டை நிலத்தில் வைத்துப் பழக்குக. இவ்விளையாட்டே நாயின் உயிரைக் காப்பது. எலிக்கு வைத்த நஞ்சையும், பன்றிக்கென உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் வெடியையும் கவ்வி இறக்கும் நாய்கள் உண்டு.

3. கயிறிழுத்தல்: பழைய சாக்கை முறுக்கிக் குட்டியுடன் இழுத்து விளையாடுக. பல் கையிற் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி, சற்று நேரம் முகந் திருப்பி நிற்க. மனிதர் தோலிற் பல் பட்டால் இன்பம் நின்றுவிடும் என்பதைக் குட்டி விரைவில் உணரும். பெரியவர் அருகிலின்றிப் பிள்ளைகள் இதனை விளையாடுதல் கூடாது.

4. வரம்பு நடை: நீண்ட கயிற்றிற் கட்டி வரம்பின்மேல் நடத்துக. வரம்பில் நடக்கையில் இடையிடையே தின்பண்டம் கொடுக்குக. பாத்தியில் இறங்கினால் நின்றுவிடுக. மீண்டும் வரம்பேறியதும் நடையைத் தொடர்க.

5. ஒளிந்து தேடல்: ஒருவர் குட்டியைப் பிடித்திருக்க, மற்றொருவர் மரத்தின் பின் ஒளிந்து அழைக்க வேண்டும். இது மூக்கைக் கூர்மையாக்கும்; எசமானை விட்டு நெடுந்தூரம் போகாத இயல்பையும் வளர்க்கும்.

6. குரைத்தலும் நிறுத்தலும்: புதரிற் சலசலப்புக் கேட்டுக் குட்டி தானாகக் குரைக்கும்போது பாராட்டுக. பின் மூக்கருகே துண்டைக் காட்டினால் அது முகர்வதற்காகக் குரைப்பை நிறுத்தும். அவ்வேளையில் “போதும்” என்று சொல்லிக் கொடுக்குக. நிறுத்தத் தெரியாத நாய் இரவெல்லாம் குரைத்தால், பன்றி வந்ததையும் வழிப்போக்கர் சென்றதையும் பிரித்தறிய முடியாது.

ஒவ்வொரு பயிற்சியும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதுமானது. உணவுக்கு முன் நாளொன்றுக்கு மூன்று முறை செய்க. குட்டி சலிக்குமுன் நிறுத்துக. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே வழங்குதல் அவசியம். நற்செயல் நிகழ்ந்த அக்கணமே பரிசு கிடைக்க வேண்டும். பிந்திக் கொடுத்தால் எதற்கெனக் குட்டி அறியாது.

விலக்க வேண்டியவை

பிள்ளைகள் ஓட, குட்டி துரத்தும் விளையாட்டை அறவே நீக்குக. பகல் முழுதும் கட்டிவைத்தலும் சீண்டுதலும் நாயைக் கடிநாயாக்கும். காவல் நாயின் பணி குரைத்து அறிவிப்பதே, பன்றியுடன் பொருதுவதன்று. பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். காட்டுக்குள் துரத்திச் செல்லும் நாய் கம்பிக் கண்ணியிலோ கட்டுத்துவக்கிலோ அகப்படலாம். நாயைக் கொண்டு மான், மரை முதலியவற்றைத் துரத்துதல் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் காட்டுயிர், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. காட்டோரத்தில் இரவில் நாயைத் தனியே கட்டிவைத்தால் சிறுத்தைக்கு இரையாகவுங் கூடும். நாய் வேலிக்குத் துணையேயன்றி வேலிக்கு ஈடன்று.

நோய்த் தடுப்பு

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதும், கடியுண்டோர் காலத்திற் சிகிச்சை பெற்றதும் இத்தொகை பெரிதுங் குறையக் காரணமாயின. முதலூசிக்குரிய நாளை அரசாங்க மிருக வைத்தியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கேட்டறிந்து ஏற்றுக. பின்னர் ஆண்டுதோறும் ஏற்றுக. குடற்புழு மருந்தும் காலந்தவறாது கொடுத்தல் வேண்டும்.

விளையாட்டிற் பட்ட சிறு கீறலாயினும் அசட்டை செய்யற்க. குட்டியாயினும் இந்நோயைப் பரப்பக்கூடும். காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுக. இந்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீராலும் பரவக்கூடியது. ஆகையால் காலிற் புண்ணுள்ளோர் நாய் படுக்கும் இடத்தை வெறுங்காலுடன் துப்புரவு செய்தலாகாது.

குட்டி தேர்ந்துவிட்டதா என அறிய ஒரு சோதனை போதும். அது கோழியைக் கண்டு துள்ளும் வேளையில் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பி உம்மிடம் வருமாயின் வயலுக்கு அழைத்துச் செல்லலாம். வாராவிடின் முதலாம் விளையாட்டை மீண்டும் முற்றத்திலிருந்து தொடங்குக.