கடைசிக் குதிரைக்கும் ஒரு பாட்டு

திருவிழா என்றால் நமக்குத் தெரியும். ராட்டினம் இருக்கும். வளையல் கடை இருக்கும். பலகாரக் கடை இருக்கும். உறவினர்கள் வருவார்கள். ஊரே கூடி நிற்கும்.

இந்தப் பாடத்தில் நாம் வெளிநாட்டுத் திருவிழா ஒன்றுக்குப் போகிறோம். அங்கே குதிரைப் பந்தயம்தான் பெரிய நிகழ்ச்சி. குதிரைகளை ஓட்டி வருபவர்கள் யார் தெரியுமா? எல்லோரும் சிறு பிள்ளைகள்! வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

எந்த நாடு?

அந்த நாட்டின் பெயர் மங்கோலியா. உலகப் படத்தில் தேடிப் பாருங்கள். வடக்கே ரஷ்யா. தெற்கே சீனா. நடுவே மங்கோலியா. பரப்பளவில் இந்தியாவில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் மக்கள் தொகை ஏறக்குறைய 35 லட்சம்தான். நம் டில்லி நகரில் இருப்பவர்களில் கால் பங்குகூட இல்லை! அண்மை ஆண்டுகளில் அங்கே மனிதர்களைவிடக் குதிரைகளே அதிகம்.

எங்கே பார்த்தாலும் புல்வெளி. வேலி இல்லை. வரப்பு இல்லை. மேய்ப்பர்கள் ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை வளர்க்கிறார்கள். புல் உள்ள இடம் தேடிக் குடிபெயர்கிறார்கள். அவர்களுடைய வீடு ஒரு வட்டமான கூடாரம். அதன் பெயர் கெர். மரச்சட்டத்தை நிறுத்தி, மேலே தடித்த கம்பளியைப் போர்த்துவார்கள். புறப்படும்போது கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குளிர்காலத்தில் அங்கே கடுங்குளிர். தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 30, 40 டிகிரி வரை இறங்கும். மங்கோலியக் குதிரைகள் அதிக உயரம் இல்லை. ஆனாலும் அந்தக் குளிரில் வெளியிலேயே நிற்கும். பனியைக் குளம்பால் கிளறிப் புல்லைத் தின்னும்.

நாடம் திருவிழா

திருவிழாவின் பெயர் நாடம். மங்கோலிய மொழியில் இதற்கு விளையாட்டு என்று பொருள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் 11ஆம் தேதி தலைநகரில் தொடங்குகிறது. 1921ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு நாள் அது. ஆனால் இந்த விளையாட்டுகள் அதைவிட மிகப் பழையவை. யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் இத்திருவிழாவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நாடத்தில் மூன்று விளையாட்டுகள் முக்கியம். மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம். தலைநகர் உலான்பாத்தரில் உள்ள விளையாட்டு அரங்கில் தொடக்க விழா நடக்கும். வெள்ளைக் குதிரை வால் முடியால் செய்த 9 கொடிகளைக் குதிரை வீரர்கள் ஏந்தி வருவார்கள். வில்வித்தையில் பெண்களும் கலந்து கொள்கிறார்கள். மல்யுத்தத்தில் ஒல்லி, குண்டு என்று எடைப் பிரிவு கிடையாது. யாரும் யாரோடும் மோதலாம்.

குதிரைப் பந்தயம் நகரத்துக்குள் நடக்காது. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு புல்வெளிக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் பெயரில் "ஏழு கிணறு" என்ற பொருள் இருக்கிறது. மக்கள் முன்கூட்டியே வந்து கூடாரம் போடுவார்கள். குடும்பம் குடும்பமாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இறைச்சி வைத்துப் பொரித்த தட்டையான பலகாரம் விற்கும். அதன் பெயர் ஹூஷூர். பெட்டைக் குதிரையின் பாலைத் தோல் பையில் ஊற்றிக் கடைந்து புளிக்க வைப்பார்கள். அதன் பெயர் ஐரக். விருந்தாளிக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்கள்.

பந்தயம் எப்படி நடக்கிறது?

நகரங்களில் நடக்கும் குதிரைப் பந்தயத்தில் வட்டமான ஓடுதளம் இருக்கும். ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். நாடம் பந்தயம் அப்படி அல்ல. அது நெடுந்தூரப் பந்தயம். திறந்த புல்வெளியில் ஓட வேண்டும்.

குதிரைகளை வயது வாரியாகப் பிரிப்பார்கள். 2 வயதுக் குதிரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். வயது ஏற ஏறத் தூரமும் ஏறும். 6 வயதுக்கு மேற்பட்டவை சுமார் 25 கிலோமீட்டர் ஓடும். பொலிகுதிரைகளுக்குத் தனிப் பந்தயம் உண்டு.

முதலில் பிள்ளைகள் குதிரைகளை மெல்ல நடத்திப் புறப்படும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். கிளம்பும் முன் குதிரைக்கு ஊக்கம் தர "கீங்கோ" என்று தொடங்கும் பாட்டைப் பாடுவார்கள். பிறகு அங்கிருந்து திரும்பி, முடிவுக் கோட்டை நோக்கி ஓட்டி வருவார்கள். நாம் முடிவுக் கோட்டின் அருகே நின்று காத்திருக்க வேண்டும். முதலில் தூரத்தில் புழுதி தெரியும். பிறகு சிறு புள்ளிகள் தெரியும். கொஞ்ச நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்கும்.

பெரியவர்கள் ஏன் ஓட்டுவதில்லை? இது குதிரையின் வலிமைக்கான போட்டி. மேலே பாரம் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். பெண் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள்.

பந்தயத்துக்குப் பின்னால் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவர் குதிரைப் பயிற்சியாளர். அவரை உயாச் என்பார்கள். எவ்வளவு புல் கொடுப்பது, எவ்வளவு தூரம் ஓட விடுவது, எப்போது வியர்க்க வைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குதிரையின் வியர்வையையும் சாணத்தையும் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். வியர்வையை வழித்தெடுக்க ஒரு மரக் கரண்டி வைத்திருப்பார்.

முதலும் கடைசியும்

முதலில் வந்த குதிரைக்கு ஒரு பட்டம் உண்டு. "பதினாயிரத்துக்குத் தலைவன்" என்பது அதன் பொருள். முதல் 5 குதிரைகளுக்கும் மரியாதை உண்டு. அவற்றின் மேல் ஐரக் தெளிப்பார்கள். குதிரையைப் புகழ்ந்து பாடுவார்கள். வென்ற குதிரையின் வியர்வையும் அது கிளப்பிய புழுதியும் நல்ல அதிர்ஷ்டம் என்று மக்கள் நம்புகிறார்கள்.

2 வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசியாக வந்த குதிரையையும் அழைப்பார்கள்! அதற்கும் ஒரு பட்டம். "நிறைந்த வயிறு" என்று பொருள். அதற்கும் பாட்டு உண்டு. "இந்த முறை பிந்திவிட்டாய். அடுத்த ஆண்டு நீயே முந்தி வருவாய்" என்று வாழ்த்துவார்கள். அந்தக் குதிரை மேல் வந்த பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். பிந்தி வந்தவரைக் கேலி செய்யாத கூட்டம் நல்ல கூட்டம். வயதான பிறகு சிலேட்டைக் கையில் எடுத்த நமக்கு இது நன்றாகவே புரியும்.

பிள்ளை விழுந்தால்?

இந்தச் செய்தியைச் சொன்னபோது எங்கள் மையத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது.

"ஏன் தம்பி, அவ்வளவு தூரம் ஓடுற குதிரையில இருந்து புள்ள விழுந்தா என்ன ஆகும்? பெத்த வயிறு பதறாதா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"அவங்க ஊருப் புள்ளைங்க நடக்கப் பழகும்போதே குதிரை ஏறப் பழகிடும். நம்ம புள்ளைங்க கிணத்துல குதிச்சு நீந்தலையா?" என்றார் ஒரு பெரியவர்.

"அது வேற, இது வேற மாமா. சொந்த வீட்டுக் குதிரையில ஆசையா ஏறுறது வேற. அடுத்தவங்க பரிசு வாங்க நம்ம புள்ளைய ஏத்தி விடுறது வேற" என்றார் ஓர் அக்கா.

அக்கா சொன்னதுதான் மங்கோலியாவிலும் பேசப்படுகிறது. முன்பு பெரும்பாலும் குடும்பத்துக் குதிரையைக் குடும்பத்துப் பிள்ளையே ஓட்டும். 1990க்குப் பிறகு நாட்டின் பொருளாதாரம் மாறியது. பணக்காரர்கள் பந்தயக் குதிரை வளர்க்கத் தொடங்கினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்களுக்காகக் குதிரை ஏறினார்கள். பெரிய பரிசும் பெயரும் குதிரைக்காரருக்கும் பயிற்சியாளருக்கும். விழுந்தால் அடிபடுவது பிள்ளை. கை கால் முறிந்த பிள்ளைகள் உண்டு. உயிர் இழந்த பிள்ளைகளும் உண்டு.

ஜூலை மாதம் அங்கே பள்ளி விடுமுறை. ஆனால் குளிர்காலத்திலும் வசந்த காலத் தொடக்கத்திலும் பந்தயங்கள் நடத்தினார்கள். அது பள்ளி நடக்கும் காலம். கடுங்குளிர்க் காலமும்கூட. அதனால் படிப்பும் கெட்டது, உடம்பும் கெட்டது.

இதை எதிர்த்து அந்த நாட்டு மக்களே குரல் கொடுத்தார்கள். நாடம் பற்றி 2003இல் வந்த சட்டம், 7 வயது நிரம்பாத பிள்ளை பந்தயத்தில் குதிரை ஏறக் கூடாது என்றது. தலைக்கவசமும் காப்பீடும் கட்டாயம் ஆயின. குளிர்காலப் பந்தயங்களில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று பின்னர் தடை வந்தது. 7 வயதே மிகக் குறைவு என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டத்தை மீறுபவர்களும் இருக்கிறார்கள். கேள்வி இன்னும் முடியவில்லை.

ஒரு வழக்கம் பழையது என்பதால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழையது என்பதால் அதில் கை வைக்கவே கூடாது என்பதும் இல்லை. பாட்டு இருக்கட்டும். வாழ்த்து இருக்கட்டும். பிள்ளையின் தலைக்குக் கவசமும் இருக்கட்டும். பள்ளிக்கூட நாளில் பிள்ளை பள்ளியில் இருக்கட்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

* தொடக்க விழா அரங்கத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். முன்னதாகவே வாங்க வேண்டும்.
* கிராமப்புறங்களிலும் சிறிய நாடம் நடக்கும். அங்கே குதிரைகளை அருகிலிருந்து பார்க்கலாம்.
* குதிரைகள் வரும் வழியில் குறுக்கே போகக் கூடாது. ஓடி வரும் குதிரையைச் சட்டென்று நிறுத்த முடியாது.
* வெயிலும் புழுதியும் அதிகம். தொப்பியும் குடிதண்ணீரும் தேவை.
* கெர் வீட்டுக்குள் போகும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது. கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும்.
* பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

புதிய சொற்கள்

சேணம் – குதிரையின் முதுகில் கட்டும் இருக்கை
கடிவாளம் – குதிரையின் வாயில் மாட்டி, திருப்பவும் நிறுத்தவும் உதவுவது
பொலிகுதிரை – இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் ஆண் குதிரை
தலைக்கவசம் – தலையில் அடிபடாமல் காப்பது; ஹெல்மெட்
காப்பீடு – விபத்து நடந்தால் பணம் கிடைக்க முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு; இன்சூரன்ஸ்

விடை எழுதுங்கள்

1. மங்கோலியாவின் வடக்கே உள்ள நாடு எது? தெற்கே உள்ள நாடு எது?
2. நாடம் திருவிழாவின் மூன்று முக்கிய விளையாட்டுகள் யாவை?
3. பந்தயத்தில் பெரியவர்கள் ஏன் குதிரை ஓட்டுவதில்லை?
4. கடைசியாக வந்த 2 வயதுக் குதிரைக்கு என்ன பட்டம்?

கணக்குப் போடுங்கள்

ஒரு பிள்ளை பந்தயம் புறப்படும் இடத்துக்கு 25 கிலோமீட்டர் குதிரையை நடத்திப் போகிறது. அதே தூரம் திரும்பி ஓட்டி வருகிறது. மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? உங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் உள்ள ஊர் எது?

கலந்து பேசுங்கள்

1. அம்மா, பெரியவர், அக்கா மூவரும் பேசியதைப் படித்தீர்கள். நீங்கள் யார் பக்கம்? ஏன்?
2. உங்கள் ஊர்த் திருவிழாவில் பிள்ளைகளுக்கு ஆபத்தான வழக்கம் ஏதாவது உண்டா? அதை நிறுத்தாமல் ஆபத்தை மட்டும் குறைக்க முடியுமா?
3. உங்கள் ஊரில் திருவிழாவுக்காகவோ வேலைக்காகவோ பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டா? அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன சொல்வீர்கள்? ஐந்து வரிகளில் எழுதி மையத்தில் படித்துக் காட்டுங்கள்.