விண்வெளிக் குப்பையும் தொலைநோக்கிகளும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
• விண்வெளிக் குப்பை: செயலிழந்த செயற்கைக்கோள்கள், எரிந்து முடிந்த ராக்கெட் பாகங்கள், மோதலிலும் வெடிப்பிலும் சிதறிய துண்டுகள்.
• இன்றும் சுற்றிவரும் மிகப் பழைய பொருள்: அமெரிக்காவின் வான்கார்ட் 1 (1958).
• கெஸ்லர் விளைவு: ஒரு மோதலில் சிதறும் துண்டுகள் அடுத்தடுத்த மோதல்களுக்கு வழிவகுத்தல். டொனால்ட் கெஸ்லர், பர்ட்டன் கூர்-பலே இருவரும் 1978-இல் எச்சரித்தனர்.
• 10.02.2009: இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 மோதல். இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் தற்செயலாக மோதிய முதல் நிகழ்வு; சைபீரியாவுக்கு மேல், சுமார் 790 கி.மீ. உயரம்.

ரேடாரா, தொலைநோக்கியா?
• தாழ் புவிச் சுற்றுப்பாதை (2,000 கி.மீ. வரை): முதன்மைக் கருவி ரேடார்.
• புவிநிலைச் சுற்றுப்பாதை (35,786 கி.மீ.): முதன்மைக் கருவி தொலைநோக்கி.
• காரணம்: ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும், எதிரொலி தொலைவின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைநோக்கிக்கு விளக்குப் பிடிப்பது சூரியன். எனவே ஒளி தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்திலேயே குறையும். இதை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளுங்கள்.

பார்க்கும் முறை
• தரை இருளிலும் குப்பை வெயிலிலும் இருக்க வேண்டும். தாழ்பாதைப் பொருள்களுக்கு இது பெரும்பாலும் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் அமையும்.
• விண்மீன்களைப் பின்தொடர்ந்து படமெடுத்தால் குப்பை கோடாக விழும். குப்பையைப் பின்தொடர்ந்தால் விண்மீன்கள் கோடாகும்.
• ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து பொருள் எவ்வாறு சுழல்கிறது என அறியலாம்.
• தடைகள்: மேகம், நிலவொளி, பகல்.

டெனெரிஃப் நிலையம்
• இடம்: ஸ்பெயினின் கேனரி தீவுகள், டெய்டே வானாய்வகம், உயரம் சுமார் 2,400 மீ.
• ஐரோப்பிய விண்வெளி முகமையின் 1 மீட்டர் தொலைநோக்கி. முதல் நோக்கம்: லேசர் தகவல்தொடர்புச் சோதனை.
• புவிநிலைப் பாதையில் 10 முதல் 15 செ.மீ. அளவுள்ள துண்டுகளையும் காணும்.
• பெர்ன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஷில்ட்க்னெக்ட் குழு, பரப்பு மிகுந்து நிறை குறைந்த புதுவகைத் துண்டுகளை இங்கே கண்டறிந்தது. அவை வெப்பக்காப்புத் தாள்களின் கிழிசல்கள் எனக் கருதப்படுகின்றன. சூரிய ஒளியின் அழுத்தமே அவற்றின் பாதையை நீள்வட்டமாக்குகிறது.

இந்தியா
• நேத்ரா: இஸ்ரோவின் விண்வெளிப் பொருள் கண்காணிப்புத் திட்டம்.
• விண்வெளிப் பாதுகாப்புக்கான இஸ்ரோ மையம்: பெங்களூரு (2022).
• தேவஸ்தல், உத்தராகண்ட்: 4 மீட்டர் பாதரசத் திரவ ஆடித் தொலைநோக்கி. இதன் படங்களிலும் குப்பையின் கோடுகள் பதிகின்றன.

மறக்கக் கூடாதது
• புவிநிலைப் பாதையில் காற்றின் உராய்வு இல்லை. துண்டுகள் தாமாக வேகம் குறைந்து விழ மாட்டா. புயலை முன்னறியும் வானிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் பாதையும் அதுவே. அங்கே காவலிருப்பவை இந்தத் தொலைநோக்கிகள்.