ரிப்போர்ட்டில் ஒரு பொட்டு... ஆறு மாதம் எப்படித் தள்ளுவது?

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு செக்கப். அல்லது விடாத இருமலுக்காக ஒரு சி.டி. ஸ்கேன். ஏதோ ஒன்றுக்குப் போன இடத்தில் வேறொன்று கிடைத்துவிடுகிறது. 'வலது நுரையீரலின் மேல் பகுதியில் 7 மில்லிமீட்டர் நாட்யூல்' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்கிறார்.

அவ்வளவுதான்... அன்று ராத்திரியே தூக்கம் போச்சு! "கேன்சர்னா உடனே எடுத்துட வேண்டியதுதானே? இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே? இது என்ன ரெண்டுங்கெட்டான் நிலைமை?" என்று மனசு கேட்கும். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால் பாதி பாரம் குறைந்துவிடும்.

அந்தப் பொட்டு என்னதான்?

நுரையீரலுக்குள் 3 சென்டிமீட்டர் வரை தெரியும் சிறு உருண்டைக்கு நாட்யூல் என்று பெயர். 7 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு பட்டாணி அளவு. எப்போதோ உங்களுக்கே தெரியாமல் வந்து ஆறிப்போன டி.பி.யின் தழும்பாக அது இருக்கலாம். பழைய நிமோனியா விட்டுப்போன அடையாளமாக இருக்கலாம். தீங்கில்லாத சதை வளர்ச்சியாகவோ, சின்ன நிணநீர் முடிச்சாகவோ இருக்கலாம். புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2011-ல் அதன் முடிவு வெளியானது. பல வருஷம் கடுமையாகப் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். சி.டி. ஸ்கேனில் 'சந்தேகம்' என்று வந்த முடிவுகளில் நூற்றுக்கு 96 புற்றுநோய் இல்லை என்று ஆனது. அதே ஆய்வில், சி.டி. எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட 20 சதவிகிதம் குறைந்தது. ஆக, அலறவும் கூடாது, அலட்சியமும் கூடாது!

இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. பொட்டின் அளவு, அதன் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா, முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, உள்ளே சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறதா, உங்கள் வயது, புகைப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது வந்ததா... இத்தனையும் சேர்த்துத்தான் டாக்டர் எடைபோடுவார். புகையே பிடிக்காத பெண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வருவதுண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏன் ஆறு மாதம்?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. காலமும் ஒரு பரிசோதனைதான்!

கெட்டியான புற்றுநோய்ப் பொட்டு பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து 400 நாளைக்குள் இரண்டு மடங்காகிறது. ஆனால் இது கன அளவில்தான். குறுக்களவில் பார்த்தால் 26 சதவிகிதம்தான் கூடும். 7 மில்லிமீட்டர் பொட்டு இரு மடங்கானாலும் 9 மில்லிமீட்டரைத் தொடாது. அடுத்த மாதமே ஸ்கேன் எடுத்தால், வளர்ச்சி எது, அளந்ததில் வந்த வித்தியாசம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உறை ஊற்றிய பாலை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பது மாதிரிதான்!

2017-ல் ஃப்ளைஷ்னர் சங்கம் வெளியிட்ட வழிமுறையைப் பல நாட்டு டாக்டர்களும் பின்பற்றுகிறார்கள். தற்செயலாகத் தெரிந்த ஒற்றைக் கெட்டிப் பொட்டுக்கு அது சொல்வது இது:

* 6 மில்லிமீட்டருக்குக் கீழே, ஆபத்துக் காரணங்களும் இல்லை என்றால் மறு ஸ்கேன் தேவையில்லை.

* 6 முதல் 8 வரை என்றால், 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு ஸ்கேன்.

* 8-க்கு மேல் என்றால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன், அல்லது பயாப்ஸி.

கெட்டிப் பொட்டு இரண்டு வருஷம் அசையாமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் நிம்மதிதான். பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும் பொட்டு மெதுவாக வளரக்கூடியது. அதனால் அதை ஐந்து வருஷம் வரை கவனிப்பார்கள். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

"பெட் ஸ்கேன் எடுத்துடலாமே?"

காசு செலவானாலும் பரவாயில்லை, முடிவு தெரிந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த பொட்டில் பெட் ஸ்கேனை நம்ப முடியாது. டி.பி. இருந்தாலும் அது பளிச்சென்று ஒளிரும். நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால், ஒளிர்ந்ததெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது.

பயாப்ஸி? பட்டாணி அளவுப் பொட்டைத் துல்லியமாக ஊசியால் தொடுவது கஷ்டம். சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வரும். "ஊசி குத்தினா பரவிடும்" என்ற பயத்துக்காக மட்டும் மறுக்காதீர்கள். அது மிக மிக அரிது. அவசியம் என்று டாக்டர் சொன்னால் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

"எதுக்கும் ஆறு மாசம் டி.பி. மாத்திரை போட்டுப் பாருங்க" என்று யாராவது சொன்னால், "என்ன டெஸ்ட்டில் டி.பி. என்று தெரிந்தது?" என்று கேளுங்கள்.

பீரோவைத் திறங்கள்!

இருப்பதிலேயே செலவில்லாத பரிசோதனை உங்கள் பீரோ மேலேயே இருக்கிறது. பழைய எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் ஃபிலிம், சி.டி. எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருஷம் முன் எடுத்த ஸ்கேனில் இதே பொட்டு இதே அளவில் இருந்தால், காத்திருக்க வேண்டிய காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று அர்த்தம்!

மனசை என்ன செய்வது?

* டாக்டரிடம் போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'அளவு என்ன? கெட்டியா, மங்கலா? என் விஷயத்தில் ஆபத்து எவ்வளவு? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி? அதில் என்ன தெரிந்தால் என்ன செய்வோம்?' கடைசிக் கேள்விதான் முக்கியம். அடுத்த படி என்னவென்று தெரிந்தால் இருட்டு குறையும்.

* காலண்டரில் ஸ்கேன் தேதியைக் குறியுங்கள். மறுநாளே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள். பிரிக்காத ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துக்கொண்டு நாலு நாள் தவிக்க வேண்டாம்.

* கவலைப்படாதே என்றால் மனசு கேட்காது. சாயங்காலம் இருபது நிமிஷம் அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வந்தால், "ஆறு மணிக்கு வா" என்று திருப்பி அனுப்புங்கள். பழகப் பழக வரும்.

* வீட்டில் ஒருவருக்காவது முழு விஷயமும் தெரிய வேண்டும். "சொன்னா அவ தாங்க மாட்டா" என்று மனைவியிடம் மறைப்பதும், "ஒண்ணுமில்லப்பா, சளிதான்" என்று மகன் அப்பாவிடம் ரிப்போர்ட்டை ஒளிப்பதும் நம் வீடுகளில் சகஜம். ஆனால் முகத்தைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயப்படுவார்கள்.

* புகைபிடிப்பவரா? இன்றே நிறுத்துங்கள். இந்தக் காத்திருப்புக் காலத்தில் உங்கள் கையிலேயே இருக்கும் மருந்து இது. உதவிக்கு இலவச எண் 1800-11-2356.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லையென்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாக மூச்சுத்திணறல், மாறாத குரல் கம்மல், மூன்று வாரம் தாண்டிய இருமல்... இவற்றில் எது வந்தாலும் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். உடனே போங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் மாதம் பயம், மூன்றாம் மாதம் பழக்கம், ஆறாம் மாதம் மறதி! "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பயப்படுவதைவிடப் பெரிய தவறு. ஆரம்பத்திலேயே பிடிபட்டால் ஆபரேஷனில் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் காப்பாற்றத்தான் அந்தத் தேதி.

தேதியைக் குறித்துவிட்டீர்களா? சரி, மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வேண்டும் என்றீர்களே, கிளம்புங்கள்!