முதல் மாதவிடாயும் வயிற்றுவலியும்

தாமல் போன்ற ஊர்களில் மகள் பூப்பெய்துவது குடும்ப விழா. மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறிக்கிறோம். தாய்மாமன் சீருக்கு ஏற்பாடு செய்கிறோம். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் சிறுமியிடமோ, "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்" என்கிறோம். வருவது உண்மை, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வலி ஏன் உண்டாகிறது?

மாதவிடாயின்போது கருப்பையின் உட்படலம் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது. அப்போது தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதால் வலி தோன்றுகிறது. இடுப்பு வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவையும் உடன் வரலாம். பொதுவாக 1 முதல் 3 நாள்களில் இது தணியும். தொடக்க மாதங்களில் சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாததால் வலி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 6 முதல் 12 மாதங்கள் கழிந்த பின்னரே கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, அடிவயிற்றில் 15 முதல் 20 நிமிடங்கள் வைக்கலாம்.

• மகளை ஒரு மூலையில் உட்கார வைக்காதீர்கள். நடையும் விளையாட்டும் வலியைக் குறைக்கும்.

• உளுந்தங்களி நல்ல உணவே. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுங்கள்.

• இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் ஆகிய மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைப்பவை. வலி தொடங்கியவுடன், உணவுக்குப் பின், வயதுக்கும் எடைக்கும் ஏற்ப மருத்துவர் கூறிய அளவில் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக நோய், காய்ச்சல் இருந்தால் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. ஆஸ்பிரின் வேண்டாம்.

"மாத்திரை தின்றால் பின்னாளில் பிள்ளை பிறக்காது" என்று சிலர் அஞ்சுகின்றனர். மாதத்தில் ஓரிரு நாள் உரிய அளவில் உட்கொள்வதால் அவ்வாறு நேர்வதில்லை.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

• முதல் மாதவிடாயிலேயே தாங்க முடியாத வலி.

• உதிரப்போக்கின்றி மாதந்தோறும் அடிவயிற்று வலி. பிறவியிலேயே வழி அடைபட்டு, இரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். இதனை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம், தாமதம் கூடாது.

• மருந்து உட்கொண்டும் பள்ளிக்குச் செல்ல இயலாத நிலை.

• 7 நாள்களுக்கு மேல் உதிரப்போக்கு, அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைதல்.

• காய்ச்சல், மயக்கம், ஒருபுறமாகத் திடீரென எழும் கடும் வலி. இவற்றுக்கு அன்றே, உடனே வர வேண்டும்.

திருமணமாகாத பெண்ணுக்கு உட்பரிசோதனை செய்துவிடுவார்களோ என்றஞ்சித் தாய்மார் பலர் வரத் தயங்குகின்றனர். பெரும்பாலும் அதற்குத் தேவை எழுவதில்லை. விவரம் கேட்டறிவதும், வேண்டுமாயின் வயிற்றின் மேற்புறமாகச் செய்யும் ஸ்கேனுமே போதும். தாய் உடனிருக்கலாம்.

புதுயுகம் திட்டத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் நாப்கின் பெறும்போதே மகளின் வலியையும் கூறுங்கள். 104 என்னும் எண்ணிலும் இலவச ஆலோசனை கிடைக்கும். வலியை மறைக்கப் பழகிய சிறுமி நோயையும் மறைப்பாள். அவள் சொல்லும்போதே கேளுங்கள்.